மகளின் நான்காண்டுப் பேரேடு: காரைக்குடி நாட்குறிப்பு

4 மே 2025, ஞாயிறு

மகளுக்குப் பதினான்கு வயது நிறைந்துவிட்டது. ஆறாம் வகுப்பு வயதிலிருந்து வீட்டிலேயே படித்துவரும் அவள், வருகிற ஜூன் முதல் எதைப் படித்தாலும் அதற்கு எழுத்தில் கணக்கு இருக்க வேண்டும் என்று இன்று நானும் அவள் அப்பாவும் முடிவெடுத்தோம். இதுவரை நான் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. சென்ற ஆண்டு இயற்கணிதம் முழுவதையும் அவள் முடித்தாள். எந்த மாதம் தொடங்கினாள், எத்தனை மணி நேரம் உழைத்தாள், எந்த இடத்தில் தடுமாறி மீண்டாள் என்று யாரேனும் கேட்டால், எடுத்துக் காட்ட என்னிடம் மூன்று நோட்டுகளைத் தவிர வேறில்லை.

பிற்பாடு எந்த வழியும் அடைபட்டுவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை. இந்தியக் கல்லூரி என்றால் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள் வேண்டும். நாத்தனார் குடும்பம் இருக்கும் அமெரிக்காவில் படிக்க அவள் விரும்பினால், நான்கு ஆண்டுப் படிப்பையும் ஒரே தாளில் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். வீட்டில் படித்த பிள்ளைக்கு அதைப் பெற்றோரே தயாரித்துக் கையெழுத்திடுவது அங்கே வழக்கத்தில் இருக்கிறது.

7 மே, புதன்

என்.ஐ.ஓ.எஸ். விதிகளை இன்று நிதானமாகப் படித்தேன். பத்தாம் வகுப்புக்குச் சேரக் குறைந்த வயது 14. குறைந்தது ஐந்து பாடங்கள் எடுக்க வேண்டும். அவற்றில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், இரண்டு மொழிகளுக்கு மேல் கூடாது. தேர்வு ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும் நடக்கிறது. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. தேறிய பாடம் கணக்கில் அப்படியே நிற்கும்.

கணக்கும் அறிவியலும் கட்டாயமில்லை, எளிய ஐந்தை எடுத்து முடித்துவிடுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் அக்கறையோடு சொன்னார். விதிப்படி அவர் சொன்னது சரிதான். ஆனாலும் பதினான்கு வயதில் எளிது என்று விட்ட கணக்கு, பதினேழு வயதில் பொறியியலும் பொருளாதாரமும் கேட்கும்போது தடையாக வந்து நிற்கும். ஆகவே தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியலும் தொழில்நுட்பமும், சமூக அறிவியல் ஆகிய ஐந்தோடு, அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஓவியத்தை ஆறாவதாகச் சேர்த்தோம்.

எங்களைப் போன்றவர்கள் கவனிக்கத் தவறும் விதி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். 2027 ஏப்ரலில் பத்தாம் வகுப்பை முடித்தால் 2029 ஏப்ரலில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, அந்த ஜூனிலேயே கல்லூரிக்குப் போகலாம். ஒரே ஒரு பாடம் தவறி 2027 அக்டோபருக்குத் தள்ளிப்போனால், மறுமுனையும் 2029 அக்டோபருக்குத் தள்ளிப்போய், கல்லூரிச் சேர்க்கையில் ஓர் ஆண்டே கைவிட்டுப் போகும். அதனால் தமிழையும் சமூக அறிவியலையும் 2026 அக்டோபரிலேயே எழுதிவிட்டு, மற்றவற்றை 2027 ஏப்ரலுக்கு வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம்.

15 மே, வியாழன்

மகள் இன்று கேட்ட கேள்வி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. "அம்மா, நீங்களே பாடம் நடத்தி நீங்களே மதிப்பெண் போட்டுக் கையெழுத்தும் போட்டால், அதை யார் நம்புவார்கள்?"

விடை மாமியாரின் பெட்டகத்தில் கிடைத்தது. மாமனாரின் தகப்பனார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்துப் பேரேடு ஒன்றை எடுத்துப் பேத்தியிடம் காட்டிய அப்பத்தா, அன்றாட வரவும் பற்றும் முதலில் சிட்டையில் ஏறும், அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும், ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் தொகுத்து ஐந்தொகை எடுப்பார்கள் என்று விளக்கினார்கள். ஐந்தொகையில் ஒரு தொகையைப் பார்த்து ஐயம் வந்தால் பேரேட்டைப் புரட்டலாம். அதிலும் தெளியாவிட்டால் அந்த நாளின் சிட்டைக்கே போகலாம். எழுதியவர் தூர தேசத்தில் இருந்தாலும் ஊரில் இருந்த முதலாளி கணக்கை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இந்தத் தொடர்ச்சிதான் என்று எனக்குப் பட்டது.

எங்கள் ஏற்பாட்டையும் அப்படியே வைத்துக்கொண்டோம். மகள் தினமும் தன் கையால் எழுதும் நோட்டு சிட்டை. பாடத்துக்கு ஓர் உறையாக நான் வைக்கும் கோப்பு பேரேடு. அதில் பாடத்திட்டம், பயன்படுத்திய நூல்கள், திருத்திய தேர்வுத் தாள்கள், சில கட்டுரைகள் ஆகியவை இருக்கும். டிரான்ஸ்கிரிப்ட் ஐந்தொகை. இவற்றோடு வெளியார் போடும் மதிப்பெண்ணும் வேண்டும். என்.ஐ.ஓ.எஸ். தேர்வு முடிவுகள் அந்த வேலையைச் செய்யும்; வேண்டுமானால் பதினோராம் வகுப்பு ஆண்டில், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வும் எழுதலாம். நான் கணக்கில் 'ஏ' போட்டு, தேர்வில் அவள் 50 எடுத்தால், தவறு என் மதிப்பீட்டில்தான்.

2 ஜூன், திங்கள்

ஒன்பதாம் வகுப்பு ஆண்டு இன்று தொடங்கியது. அமெரிக்க முறையில் ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்பு ஒரு கிரெடிட் என்று கொள்வது நெடுங்கால வழக்கம். 36 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 3 மணி 20 நிமிடம் வருகிறது. தமிழ், ஆங்கிலம், வடிவியல், இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த ஆய்வக அறிவியல் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட். ஓவியமும் செட்டிநாட்டு வரலாறும் அரை அரை. மொத்தம் ஐந்து. இன்னும் இரண்டைச் சேர்க்கலாம் என்று ஆசை இருந்தது. ஆறேழு பாடங்களை மேலோட்டமாக ஓட்டுவதைவிட ஐந்தை ஆழமாகப் படிப்பதே நல்லது என்று அவள் அப்பா சொன்னதை ஏற்றுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு முடித்த இயற்கணிதத்தை டிரான்ஸ்கிரிப்டில் "ஒன்பதாம் ஆண்டுக்கு முன் முடித்தது" என்ற குறிப்போடு காட்டுவோம். கிரெடிட் கூட்டலில் சேர்க்க மாட்டோம். அது இல்லாவிட்டால் ஒன்பதில் வடிவியல் எப்படி வந்தது என்று படிப்பவருக்கு விளங்காது.

செட்டிநாட்டு வரலாறு வீடுகளைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுப்பதோடு நின்றுவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 சதவீதம். 1937இல் அது 25 சதவீதம். விரும்பி வாங்கிய நிலம் அல்ல அது. உலகப் பொருளாதாரம் வீழ்ந்த பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், ஈடாக வைத்த வயல்கள் வந்துசேர்ந்தன. வட்டிக்குக் கொடுத்தவர் பக்கமிருந்தும் நிலத்தை இழந்த பர்மிய உழவர் பக்கமிருந்தும் இதை எழுது என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அப்பத்தாவின் பேரேட்டைக் கண்முன் வைத்துக்கொண்டு அதை எழுதுவது அவளுக்குச் சுலபமாக இருக்காது.

21 ஜூன், சனி

தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பார்க்க ஆத்தங்குடிக்குப் போய்வந்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டுக் கையாலேயே அழுத்துகிறார்கள். பிறகு கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளை இல்லை, பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. நெருப்பே இல்லாமல் எப்படி இறுகுகிறது, அதிலும் தண்ணீரில் போட்டால் ஏன் கரையவில்லை என்று மகள் கேட்டாள்.

இந்த நாளை ஆய்வக நேரமாக எழுதலாமா என்று வீடு திரும்பியதும் பேசினோம். எழுதக் கூடாது என்பது என் முடிவு. பார்த்தது பார்த்ததுதான், அதை வாசிப்பு நேரத்தோடு சேர்க்கலாம். ஆய்வகம் என்றால் அளக்க வேண்டும், குறிக்க வேண்டும், பிழை எங்கே வந்தது என்று சொல்ல வேண்டும். மாலையில் அவள் சிமெண்டுக் குழம்பில் வெப்பமானியைச் செருகி, அரை மணிக்கு ஒரு தரம் அளந்து, வரைபடம் போட்டாள். வெப்பம் ஏறியதைக் கண்டபின், சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, அதனால்தான் ஊறவைக்கிறார்கள் என்று அவளே எழுதினாள். அந்த இரண்டரை மணி நேரத்தை ஆய்வகக் கணக்கில் மனநிறைவோடு ஏற்றினேன். பூக்கல் வடிவங்களின் சமச்சீரை அவள் வடிவியல் நோட்டில் தனியாக வரைந்துகொண்டிருக்கிறாள். அது ஓவியமா வடிவியலா என்ற கேள்விக்கு, ஒரே மணி நேரத்தை இரண்டு பாடங்களில் எழுத முடியாது என்பது மட்டுமே நான் வைத்த விதி. அவள் வடிவியலைத் தேர்ந்தாள்.

13 ஜூலை, ஞாயிறு

ஆறு வாரம் முடிந்தது. ஒரு கிரெடிட் பாடம் ஒவ்வொன்றும் இப்போது 20 மணி நேரத்தில் நிற்க வேண்டும். வடிவியல் 23, ஆங்கிலம் 21, தமிழ் 20. அறிவியல் 14தான். அரை கிரெடிட் பாடங்களுக்கு 10 வர வேண்டும். வரலாறு 12, ஓவியம் 9.

அறிவியல் பின்தங்கியதற்குக் காரணம் நான். ஆய்வகப் பொருட்களை முன்கூட்டியே வாங்கி வைக்கவில்லை. இரண்டு சனிக்கிழமைகள் வீணாயின. இனிச் செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம் கூட்டினால் ஆகஸ்டு முடிவதற்குள் ஈடு செய்துவிடலாம்.

நோட்டைச் சரிபார்த்தபோது ஜூலை 3ஆம் தேதி தமிழுக்கு எதிரே "2 மணி" என்று எழுதி, அதை அடித்துவிட்டு "1 மணி 15 நிமிடம்" என்று மகள் திருத்தியிருந்ததைக் கண்டேன். நடுவில் அப்பத்தாவோடு பேசிக்கொண்டிருந்ததாகப் பக்கத்தில் சின்ன எழுத்தில் குறித்திருக்கிறாள். தமிழின் 20 மணி, அந்தத் திருத்தத்துக்குப் பின் வந்த கணக்கு.