பதினோராவது கேள்வி

எங்கள் சபையின் உதவி நிதிக்கு விண்ணப்பப் படிவம் தயார் செய்தது நான்தான். மொத்தம் 11 கேள்விகள். "இனிமே யாரும் நம்மள ஏமாத்த முடியாது" என்று கமிட்டியில் ஒருவர் சொன்னபோது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் மூக்குக்கண்ணாடி மாற்ற உதவி கேட்டு ஒரு வயதான அம்மா வந்தார். பழைய கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். கண் தெரியவில்லை என்று வந்தவரிடம் பொடி எழுத்தில் அச்சடித்த தாளை நீட்டுகிறோமே என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடைசியில் நான் வாசிக்க, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பத்துக் கேள்வி ஓடிவிட்டது. பதினோராவது: "பிள்ளைகள் இருந்தும் உதவாததற்குக் காரணம் என்ன?"

அவர் வேதாகம உறையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "இதை மட்டும் எழுதாம விட்டுடலாமா தம்பி?" என்றார்.

அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஜிப் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை.

அந்தக் கேள்வியை நான் சும்மா சேர்க்கவில்லை. விதவைக்குப் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருந்தால் முதலில் அவர்களே கவனித்துக்கொள்ள வேண்டும் என்று வேதாகமத்தில், 1 தீமோத்தேயு 5-இல், அப்போஸ்தலன் பவுல் எழுதியிருக்கிறார். உதவிப் பட்டியலுக்கு 60 வயது என்ற வரம்புகூட அங்கே உண்டு. ஆக, விசாரிப்பது தப்பில்லை. ஆனால் அன்று ராத்திரி மறுபடி வாசித்தபோதுதான் கவனித்தேன்: அந்தக் கடமை பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. நான் அதைத் தாயிடம் குறுக்குவிசாரணையாக மாற்றியிருக்கிறேன்.

லேவியராகமம் 19-இல் வயல் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம்தான். அதில் கொடுக்கிற கை எங்கேயும் தெரியவில்லை என்பது இப்போதுதான் பிடிபட்டது. தேவைப்பட்டவர் வருகிறார், தானே பொறுக்குகிறார், போகிறார். யாருக்கும் கதை சொல்ல வேண்டியதில்லை.

ரூத் 2-இல் வயலின் சொந்தக்காரரான போவாஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கதிர் பொறுக்க வந்த விதவை ரூத்துக்காகவே, அறுத்த அரிகளில் சிலவற்றைச் சிந்திவிடச் சொல்லிவிட்டு, "அவளை அதட்டாதிருங்கள்" என்கிறார். வேண்டுமென்றே சிந்தவிட்டது அவளுக்குத் தெரியாது. வேலைக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்ற இயேசுவின் மலைப்பிரசங்க வார்த்தையை இவ்வளவு நாளும் படம் பிடித்துப் போடாதே, பேர் போடாதே என்ற அளவில்தான் புரிந்துவைத்திருந்தேன். வாங்குகிறவருக்கே கூச்சம் வராமல் கொடுப்பது வேறு வித்தை.

நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், ஏழையின் நடத்தையை ஆராயாதே, அவனுடைய தேவையே போதுமான தகுதி என்று அடித்துச் சொன்னவர். அவர் எங்கள் கமிட்டியில் உட்கார்ந்திருந்தால் இரண்டு கூட்டத்தில் வெளியே அனுப்பியிருப்பார்கள்.

நான் படிவத்தை மூன்று கேள்வியாகக் குறைக்கச் சொன்னேன்: பெயர், தேவை, எப்போதைக்குள். பெரிய வாக்குவாதம். கணக்குப் பார்க்கிற அண்ணன், "வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாதுன்னு அதே பவுல்தானே சொன்னாரு" என்றார். நியாயமான கேள்வி. மனதில்லாதவனைப் பற்றிய வசனம் அது, முடியாதவனைப் பற்றியது அல்ல என்றேன். அவர் சமாதானமாகவில்லை. காணிக்கைப் பணம் ஊரார் பணம், பதில் சொல்ல வேண்டியது நாம் என்பது அவருடைய கவலை. அதையும் தள்ளிவிட முடியவில்லை. அதனால் பதிவேடு மட்டும் அப்படியே இருக்கிறது, இரண்டு கையெழுத்தோடு.

அந்த அம்மா புதுக் கண்ணாடியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் அண்ணன் பதிவேட்டைத் திருப்பி, ஒரே பெயர் இரண்டு தேதியில் இருப்பதைக் காட்டினார். "பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன். இரண்டாவது தேதிக்கு நேரே என் கையெழுத்து இல்லாமல் இருந்தது. பேனாவை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.