ஒரு எழுத்து மாறினதுக்கு ஏழு மாசம்: என் டாக்ஸ் ரீஃபண்ட் வந்த கதை

ரீஃபண்ட் வந்துருச்சு. 6,200 ரூபா. நேத்து சாயங்காலம் மெசேஜ் வந்தப்ப முதல்ல நம்பவே இல்ல, ஏன்னா கொஞ்ச நாளாவே "உங்க ரீஃபண்ட் அப்ரூவ் ஆயிடுச்சு, இந்த லிங்கை அமுக்குங்க"ன்னு ஃப்ராடு மெசேஜா வந்துட்டு இருந்துச்சு. பேங்க் ஆப்பைத் திறந்து ஸ்டேட்மென்ட்ல அந்த ஒரு வரியைக் கண்ணால பார்த்த பிறகுதான் மூச்சே வந்துச்சு. 2024 ஜூலைல ஆரம்பிச்சது 2025 பிப்ரவரில முடிஞ்சிருக்கு. ஆறாயிரத்துக்கு ஏழு மாசமான்னு வீட்ல சிரிக்கறாங்க, சிரிக்கட்டும்.

விஷயம் இதுதான். 2023 அக்டோபர் கடைசில பழைய கம்பெனியை விட்டுட்டு புது கம்பெனில சேர்ந்தேன். ஒரே வருஷத்துல ரெண்டு கம்பெனி, ரெண்டு ஃபார்ம் 16 (சம்பளம் எவ்ளோ, அதுல வரி எவ்ளோ புடிச்சாங்கன்னு கம்பெனி குடுக்கற சான்று). புது இடத்துல ஹவுசிங் லோன் ப்ரூஃபை லேட்டா குடுத்ததால கொஞ்சம் கூடவே டிடிஎஸ் (சம்பளத்துலயே முன்கூட்டி புடிக்கற வரி) புடிச்சுட்டாங்க, சரி, ரிட்டர்ன் போட்டா திரும்பி வந்துடும்னு விட்டுட்டேன். இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல லாகின் பண்றது, அசெஸ்மென்ட் இயர் 2024-25னு எடுக்கறது (சம்பாதிச்ச வருஷத்துக்கு அடுத்த வருஷம், இதுலயே பாதி பேர் தப்பு பண்றாங்க), ஐடிஆர் 1 ஃபார்ம், ஓல்டு ரெஜிம் (லோன் வட்டி மாதிரி செலவையெல்லாம் கழிச்சுக்க விடற பழைய வரி முறை), எல்லாம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது.

டாக்ஸ் கிரெடிட் பக்கத்துக்கு வந்தப்பதான் இடிச்சுது. என் கணக்குப்படி மொத்தம் 77,200 ரூபா டிடிஎஸ் புடிச்சிருக்காங்க. போர்ட்டலே முன்கூட்டி நிரப்பி வச்சிருந்தது 67,900. சரியா 9,300 ரூபா காணோம். 26ஏஎஸ் (நம்ம பான் பேர்ல கவர்மென்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த வரியோட பட்டியல்) டவுன்லோட் பண்ணிப் பார்த்தா, பழைய கம்பெனி பேருக்கு நேரா செப்டம்பர் வரைக்கும் இருக்கு, அக்டோபர் இல்ல. அந்த அக்டோபர்ல தான் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் (வேலையை விடறப்ப போடற கடைசிக் கணக்கு) போட்டு, லீவ் என்கேஷ்மென்ட் (எடுக்காத லீவுக்குத் தர்ற பணம்) எல்லாம் சேர்த்து 9,300 புடிச்சாங்க. பே ஸ்லிப்ல இருக்கு. அவங்க குடுத்த ஃபார்ம் 16 பார்ட் பி-ல கூட இருக்கு. பார்ட் ஏ-ல இல்ல.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். பார்ட் பி கம்பெனிக்காரங்க கணக்கு, பார்ட் ஏ கவர்மென்ட் சிஸ்டத்துல இருந்து வர்றது. ரெண்டும் ஒத்துப்போகுதான்னு ஃபார்ம் 16 கைக்கு வந்த அன்னிக்கே பாருங்க. எனக்கு ஜூன்லயே வந்துச்சு, மெயில்ல கிடந்துச்சு, ஜூலை ரெண்டாவது வாரம் வரைக்கும் திறக்கவே இல்ல. தப்பு என்னோடதுதான்.

பழைய கம்பெனி ஹெச்ஆருக்கு போன் போட்டேன். "எம்ப்ளாயீ போர்ட்டல்ல டிக்கெட் ரைஸ் பண்ணுங்க சார்"னாங்க. "ரிலீவ் ஆன அன்னிக்கே என் லாகினைக் கட் பண்ணிட்டீங்களே மேடம்." கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அப்ப மெயில் போடுங்க சார்." போட்டேன். உங்க மெயில் கிடைத்தது, 7 வேலை நாளில் பதில் வரும்னு ஆட்டோ ரிப்ளை வந்துச்சு. ஏழு நாள் கழிச்சு இன்னொரு மெயில் போட்டேன், அதே ஆட்டோ ரிப்ளை வார்த்தை மாறாம திரும்ப வந்துச்சு.

ஜூலை 22, திங்கக்கிழமை, அரை நாள் லீவ் போட்டுட்டு நேர்லயே போனேன். ஓஎம்ஆர்ல அந்த வெயில்ல பைக்க நிறுத்திட்டு கேட்டுக்குப் போனா, அங்க இருந்த செக்யூரிட்டி அண்ணன் என்னை அடையாளம் கண்டுக்கிட்டாரு, "என்ன சார் திரும்ப ஜாயின் பண்றீங்களா"ன்னாரு. அவருக்கு என் மேல இருந்த அக்கறைல பத்துல ஒரு பங்கு உள்ள இருந்தவங்களுக்கு இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல. "ஹெச்ஆர் யாரும் மண்டே வர்றதில்ல சார், செவ்வாயும் வியாழனும்தான் வருவாங்க, மத்த நாள் வீட்ல இருந்துதான்." ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். பண்ணல.

சரி, காத்திருந்து பார்க்கலாம்னா அதுக்கும் வழியில்ல. ஜூலை 31 தாண்டினா லேட் ஃபீ 5,000 ரூபா (வருமானம் 5 லட்சத்துக்குள்ளன்னா 1,000). அது கூடப் பரவாயில்ல, லேட்டா போட்டா ஓல்டு ரெஜிமே எடுக்க முடியாது, நியூ ரெஜிம்தான், ஹவுசிங் லோன் வட்டி எல்லாம் அம்போ. எங்களை மாதிரி லோன் இருக்கறவங்களுக்கு உண்மையான அடி அதுலதான் இருக்கு, லேட் ஃபீல இல்ல. அதனால ஜூலை 30 ராத்திரி, பே ஸ்லிப்ல இருந்த கணக்கை வச்சு, டிடிஎஸ் 77,200னே போட்டு, 6,200 ரீஃபண்ட் கேட்டு ரிட்டர்னை அனுப்பிட்டேன். கையோட ஆதார் ஓடிபி போட்டு இ-வெரிஃபையும் முடிச்சேன். அதை அப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டுடாதீங்க, 30 நாள்தான் டைம், முன்னாடி இருந்த 120 நாள் கணக்கு 2022 ஆகஸ்ட்டோட போச்சு. வெரிஃபை பண்ணாத ரிட்டர்ன் போடாத ரிட்டர்ன் மாதிரிதான்.

செப்டம்பர்ல 143(1) இன்டிமேஷன், அதாவது ரிட்டர்னைச் சரிபார்த்து டிபார்ட்மென்ட் அனுப்பற கணக்கு, மெயில்ல வந்துச்சு. பிடிஎஃப் திறக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. பாஸ்வேர்டு பான் நம்பரும் பிறந்த தேதியும் சேர்த்துன்னு தெரியும், ஆனா பான் எழுத்தெல்லாம் சின்ன எழுத்துல போடணும், நான் கார்டுல இருக்கற மாதிரியே பெரிய எழுத்துல அடிச்சு அடிச்சு ஓஞ்சு போயிட்டேன். ஒருவழியா திறந்தா, ரெண்டு காலம் (column). ஒரு பக்கம் நான் குடுத்த கணக்கு, இன்னொரு பக்கம் அவங்க போட்ட கணக்கு. வரி 71,000, ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். டிடிஎஸ் மட்டும் என் பக்கம் 77,200, அவங்க பக்கம் 67,900. கீழ கடைசி வரில நான் வாங்க வேண்டிய 6,200 போயி, நான் கட்ட வேண்டிய 3,100ஆ மாறி நிக்குது.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. பயம்னு இல்ல, எரிச்சல். என் சம்பளத்துல புடிச்ச பணத்தை நான் திரும்ப கட்டணுமான்னு. அந்த வருஷத்துக்குப் பொருந்தற 1961 வருமான வரிச் சட்டத்துல அதுக்கு 205-வது பிரிவு இருக்கு, சம்பளத்துல வரி புடிச்சாச்சுன்னா அந்த அளவுக்கு நம்மகிட்ட திரும்பக் கேக்கக் கூடாதுன்னு. அதனால அவசரப்பட்டு 3,100 கட்டிடாதீங்க. போர்ட்டல்ல அவுட்ஸ்டாண்டிங் டிமாண்டுன்னு ஒரு இடம் இருக்கு, அதுல டிஸ்அக்ரீ குடுத்துட்டு காரணத்தைச் சொல்லலாம். குடுத்தேன். ஆனா டிமாண்டை மறுத்துட்டா மட்டும் காணாமப்போன 9,300 வந்துடுமா என்ன.

மணி பன்னெண்டு இருக்கும், பே ஸ்லிப் எல்லாத்தையும் வரிசையா லேப்டாப்ல திறந்து வச்சு என்னதான் வித்தியாசம்னு பார்த்துட்டு இருந்தேன். மாசா மாசம் வர்ற பே ஸ்லிப் ஒரு டிசைன், அந்த ஃபுல் அண்ட் ஃபைனல் மட்டும் யாரோ எக்செல்ல கையால போட்ட மாதிரி வேற டிசைன். மேல பேரு, எம்ப்ளாயீ ஐடி, பான். பான் நம்பரைப் படிச்சேன், சரியாத்தான் இருக்கு. திரும்ப ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுப் படிச்சேன். அஞ்சு எழுத்து, நாலு நம்பர், கடைசியா ஒரு எழுத்து. என்னோடது எம் (M). அங்க இருந்தது என் (N). கீபோர்டுல பக்கத்துப் பக்கத்து பட்டன். ஒரு விரல் ஒரு பட்டன் தள்ளி விழுந்ததுக்கு என் 9,300 எங்கயோ இல்லாத ஒரு ஆளு பேர்ல போய் உட்கார்ந்திருக்கு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நடு ராத்திரில கை தட்டிட்டேன், வீட்ல முழிச்சுட்டாங்க.

மறுநாள் ஹெச்ஆரை விட்டுட்டேன். பழைய டீம்ல இருந்த பையன் கிட்ட சொல்லி, அந்த கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல டிடிஎஸ் பார்க்கறவர் நம்பரை வாங்கினேன். ரெண்டு ஸ்கிரீன்ஷாட், M மேல ஒரு வட்டம், N மேல ஒரு வட்டம், அவ்ளோதான் அனுப்பினேன். பத்து நிமிஷத்துல அவரே கூப்பிட்டாரு. "அட, இது நீங்கதானா தம்பி? இன்வாலிட் பான்னு எங்களுக்கும் ஒரு நோட்டீஸ் வந்து யாருன்னே தெரியாம கிடக்கு." அதாவது ஒரே ஆபீஸ்ல ஒரு டேபிள்ல என் மெயில், இன்னொரு டேபிள்ல அந்த நோட்டீஸ், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்காமலே மாசக்கணக்குல இருந்திருக்கு.

இந்த இடத்துல நாம பண்றதுக்கு ஒண்ணுமே கிடையாது, டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்தி கரெக்‌ஷன் ஸ்டேட்மென்ட் போடறது புடிச்சவங்க மட்டும்தான் பண்ண முடியும். அதனால "எனக்கு டிடிஎஸ் வரல"ன்னு ஹெச்ஆர் கிட்ட பொதுவா பொலம்பாதீங்க, எந்த குவார்ட்டர், எவ்ளோ தொகை, என்ன தப்புன்னு கண்டுபுடிச்சு அக்கவுண்ட்ஸ் கிட்ட போங்க. நான் ஜூலைல பண்ணியிருக்க வேண்டியது இது.

நவம்பர் முதல் வாரம் 26ஏஎஸ்ல 9,300 வந்து உட்கார்ந்துடுச்சு. உடனே போர்ட்டல்ல ரெக்டிஃபிகேஷன் ரிக்வெஸ்ட் (அவங்க போட்ட கணக்கைத் திருத்தச் சொல்ற மனு), டாக்ஸ் கிரெடிட் மிஸ்மேட்ச்னு ஒரு ஆப்ஷன், அஞ்சு நிமிஷ வேலை. டிசம்பர்ல புது ஆர்டர், டிமாண்ட் போயி 6,200 ரீஃபண்ட்னு வந்துச்சு. முடிஞ்சுதுடான்னு நினைச்சா ஒரு வாரத்துல ரீஃபண்ட் ஃபெயில்டுன்னு மெயில்.

இது முழுக்க என் முட்டாள்தனம். ரீஃபண்டுக்குன்னு டிக் பண்ணியிருந்த அக்கவுண்ட் பழைய கம்பெனி சேலரி அக்கவுண்ட். அதை க்ளோஸ் பண்ணியே மாசம் ஆச்சு. எப்பவோ வேலிடேட் ஆன அக்கவுண்ட் லிஸ்ட்ல பச்சையா நின்னுச்சு, நானும் பார்க்கல. சரி, இப்ப இருக்கற அக்கவுண்ட்டைச் சேர்த்தேன். வேலிடேஷன் ஃபெயில்டு, பேரு பான்ல இருக்கற பேரோட ஒத்துப்போகல.

இனிஷியல்! நம்ம ஊர்ல பொறந்த ஒவ்வொருத்தனுக்கும் இந்தத் தொல்லை ஒரு நாள் வரும். பான்ல சும்மா இனிஷியல் மட்டும் போட விடமாட்டாங்க, அதனால அப்பா பேரு சர்நேமாகி பின்னாடி முழுசா வந்துடும். உங்க பானோட அஞ்சாவது எழுத்தைப் பாருங்க, சர்நேமோட முதல் எழுத்துதான் அது, நம்மள்ல நிறைய பேருக்கு அப்பாவோட எழுத்து. பேங்க்ல எனக்கு முன்னாடி ஒரு எழுத்து, புள்ளி, அப்புறம் பேரு. ஆதார்ல பேருக்குப் பின்னாடி எழுத்து. மூணு இடத்துல மூணு ஆளு நான்.

பேங்குக்குப் போனேன். கவுன்ட்டர்ல இருந்த மேடம் ஃபார்மையும் பான் காப்பியையும் வாங்கிப் பார்த்துட்டு, "ஆதார்ல எப்படி இருக்கோ அப்படித்தான் சார் மாத்த முடியும், ஆதார்ல இனிஷியல்தானே இருக்கு, நீங்க பானை மாத்திக்கோங்க"ன்னாங்க. "பானை ஆதார் மாதிரி மாத்தினா அது சர்நேம் கேக்குமே மேடம்." "அது எங்களுக்குத் தெரியாது சார்." ரெண்டாவது தடவை போனப்ப அந்த மேடம் லீவ், அவங்க சீட்ல இருந்தவர், அந்த வேலை அவங்கதான் பார்ப்பாங்கன்னுட்டார். மூணாவது தடவை நேரா மேனேஜர் ரூமுக்கே போனேன். அந்த அம்மா பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "பாஸ்போர்ட் இருக்கா தம்பி?"

பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா சர்நேமா இருக்கு. கேஒய்சிக்கு (பேங்க் நம்ம அடையாளத்தைச் சரிபார்க்கறதுக்கு) பாஸ்போர்ட் முழு ப்ரூஃப், பான் கார்டு தனியா அப்படிச் செல்லாது, கவுன்ட்டர்ல பான் காப்பியை வச்சு அவங்க மாத்தாததுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கு, ஆனா பாஸ்போர்ட் கொண்டு வாங்கன்னு ஒரு வார்த்தை முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல. மறுநாள் பாஸ்போர்ட்டோட போனேன், ரெண்டு நாள்ல பேரு மாறிடுச்சு, போர்ட்டல்ல அக்கவுண்ட் வேலிடேட் ஆச்சு, ரீஃபண்ட் ரீஇஷ்யூ போட்டேன், வந்துருச்சு. பழைய அக்கவுண்ட்டை லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டேன், நீங்களும் உங்க லிஸ்ட்டை இன்னிக்கே ஒரு தடவை பாருங்க.

வட்டி? அதுவும் இல்ல. ரீஃபண்ட் தொகை மொத்த வரில 10 சதவீதத்துக்குக் கீழ இருந்தா வட்டி கிடையாது. எனக்கு 8.7 வருது. கால்குலேட்டர்ல ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன், ரெண்டு தடவையும் 8.7தான்.

அப்புறம் சும்மா இருக்காம, இந்த வருஷ 26ஏஎஸ்ஸையும் நேத்தே இறக்கிப் பார்த்தேன். செப்டம்பர் வரைக்கும் எல்லாம் சரி, பே ஸ்லிப்ல பானும் எம்ல தான் முடியுது. டிசம்பர் குவார்ட்டர் மட்டும் இன்னும் ஏறல. கம்பெனிங்க ரிட்டர்ன் போட கடைசி தேதி ஜனவரி 31, இப்பதான் தாண்டியிருக்கு. இன்னும் ஒரு வாரம் பார்த்துட்டு டிக்கெட் ரைஸ் பண்ணிடுவேன், இந்த தடவையாவது லாகின் கைல இருக்கறப்பவே.