பின்வாசல் பாட்டும் வெள்ளைப் பலகையும்

ஏப்ரல் 9, 2024, லஃபயெட், லூசியானா

அண்ணன் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று மருத்துவர் மறுபடியும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அண்ணி ஒரு சிறிய வெள்ளைப் பலகையும் கறுப்புப் பேனாவும் வாங்கி வைத்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் அதில் முதலில் எழுதியது, தண்ணீர் வேண்டும் என்றோ வலிக்கிறது என்றோ அல்ல. "மெனார்டைப் போடு" என்றுதான்.

லூசியானாவில் பிரெஞ்சு பேசும் கேஜன் மக்களின் பாடகர் டி. எல். மெனார்ட் பாடியவற்றை இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன் என்றாலும், அவருடைய தொண்டையை மட்டும் கவனித்துக் கேட்டது இன்றுதான். இவரைக் 'கேஜன் ஹேங்க் வில்லியம்ஸ்' என்று ஊரார் அழைத்ததற்குக் காரணம் முதல் அடியிலேயே விளங்கிவிடுகிறது. மூக்கைத் தொட்டுக்கொண்டு வரும், ஆங்கிலத்தில் பாடிய அமெரிக்க நாட்டுப்பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் குரல்தான், ஆனால் வாயில் இருப்பது லூசியானா பிரெஞ்சு. இவருக்கு முந்தைய கேஜன் பாடகர்கள் பலர் இப்படிப் பாடியதில்லை. அவர்கள் நடன அரங்குகளில் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், அக்கார்டியனின் இரைச்சலையும் ஆடுபவர்களின் காலடிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்பதற்காக, உச்சஸ்தாயியில் ஏறக்குறைய அழுகையைப் போலக் கத்திப் பாடினார்கள். அதிலும் அக்கார்டியன் ஒரே சுருதியில் செய்யப்பட்ட கருவி. பாடுகிறவருக்கு எட்டவில்லை என்பதற்காக அது இறங்கி வராது. பாடுகிறவர்தான் ஏறிப் போக வேண்டும். அத்தனை பேருடைய தொண்டைகளும் எப்படித் தாங்கின என்ற கேள்வி சாப்பிடும்போதும் என்னை விடவில்லை.

ஏப்ரல் 10

இன்றும் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரவில்லை.

ஏப்ரல் 12

அண்ணன் தம் கிட்டாரை என் மடியில் வைத்துவிட்டார். தாம் பேச முடியாத நாட்களில் வீட்டில் யாராவது வாசித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மறுக்க மனம் வரவில்லை.

இந்த இசையில் கிட்டாருக்குத் தனி ஆவர்த்தனம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. டூ-ஸ்டெப் நடனம் என்றால் தடித்த கம்பியில் ஒரு தட்டு, மெல்லிய கம்பிகளின் மேல் ஒரு வீச்சு. வால்ட்ஸ் நடனம் என்றால் ஒரு தட்டுக்கு இரண்டு வீச்சு. இரவு முழுவதும் இவ்வளவுதான். மெனார்ட் தம் வாழ்நாள் முழுவதும் வலது கையால் செய்தது பெரும்பாலும் இதைத்தான், பாடிக்கொண்டே செய்தார் என்பது மட்டும் கூடுதல். எளிது என்று நினைத்துத் தொடங்கினேன். சில நிமிடங்களில் மணிக்கட்டு இறுகி, வீச்சு தட்டைத் துரத்த ஆரம்பித்தது. அண்ணன் பலகையில் "வேகம் கூடுகிறது" என்று எழுதி உயர்த்திப் பிடித்தார்; சற்று நேரத்தில் அதே பலகையை எதுவும் அழிக்காமல் மறுபடியும் உயர்த்தினார்.

கிட்டார் ஏன் தேவை என்பதையும் அவரே படம் வரைந்து விளக்கினார். கேஜன் அக்கார்டியனில் வலது கைக்குப் பத்துப் பொத்தான்கள். இடது கைக்கு இரண்டே இரண்டு. சி சுருதிப் பெட்டியானால், துருத்தியை அழுத்தும்போது இடது கைப் பக்கம் சி கார்டும், இழுக்கும்போது ஜி கார்டும் வருகின்றன. பாட்டு எஃப் கார்டுக்குப் போனால் அந்தப் பக்கத்தில் அதற்குப் பொருத்தமாக எதுவும் இல்லை. அந்த இடத்தில் கிட்டார்க்காரர் எஃப் கார்டைப் பிடித்துவிடுவதால்தான் பள்ளம் தெரியாமல் பாட்டு நகர்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய பதிவுகளில் அந்த இடம் எப்போது வரும் என்று காத்திருந்தே கேட்கிறேன்.

ஏப்ரல் 14

இன்று மெனார்டின் பிறந்த நாள். 1932-இல் எராத்தில் பிறந்தார். வீட்டில் அடைந்து கிடக்க வேண்டாம் என்று அண்ணி கார்ச் சாவியைக் கையில் திணித்ததால், அப்பெவில் வழியாக எராத் வரை தனியாகப் போய் வந்தேன். வழியெல்லாம் கரும்புத் தோட்டங்களும், வேகவைத்த கிராஃபிஷ் விற்கும் கடைகளின் முன்னால் நிற்கும் வரிசைகளும்தான். வெர்மிலியன் மாவட்டத்தின் இந்தத் தாழ்ந்த நிலத்தில், 2005 செப்டம்பரில் ரீட்டா புயல் கடலையே ஊருக்குள் தள்ளிக்கொண்டு வந்தது என்பதை, இன்றைய வெயிலில் நின்று நம்புவது கடினம்.

பதினாறு வயதில் மாண்ட்கமரி வார்ட் அஞ்சல் வணிகப் பட்டியலைப் பார்த்து, 11 டாலருக்கு ஒரு கிட்டார் வரவழைத்தார் அந்தப் பையன். பிறகு எலியாஸ் பாடோ என்ற அக்கார்டியன்காரருடன் சேர்ந்தார். 'லூசியானா ஏசஸ்' குழு அதிலிருந்து வளர்ந்தது. 1951-இல் நியூ ஐபீரியா பக்கத்து டெஷ் கிளப்புக்கு ஹேங்க் வில்லியம்ஸ் வந்தபோது, இடைவேளையில் அவருடன் சில நிமிடங்கள் பேசக் கிடைத்ததை மெனார்ட் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சில நிமிடங்கள் கிடைக்காமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். ஒன்றும் ஆகியிருக்காது என்றே தோன்றுகிறது. வானொலியில் ஹேங்க் வந்துகொண்டுதானே இருந்தார்.

வீட்டில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தில் பேசிவிடுவாரோ என்று அண்ணி அருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 17

இன்று எந்தப் பாட்டையும் கேட்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 18

நேற்றைய எரிச்சல் போன இடம் தெரியவில்லை; காலையிலிருந்து 'லா போர்த் தனாரியேர்' ஓடிக்கொண்டிருக்கிறது. பின்வாசல் என்று பொருள். பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தபோது, வண்டிகள் வராத இடைவெளிகளில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மெனார்ட் இதை எழுதி முடித்தார். 1962-இல் வில் ப்ளாட்டில் ஃப்ளாய்ட் சோலோவின் ஸ்வாலோ இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள். இன்றைக்கு இந்தப் பகுதியில் இதை வாசிக்கத் தெரியாத குழுவுக்கு யார் நடன வாய்ப்புக் கொடுப்பார்கள்?

கதை மிகச் சாதாரணமானது. ஒருவன் ஆடப் போகிறான், குடிக்கிறான், விடிகிற நேரத்தில் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைகிறான். கையில் காசு இருக்கும்வரை கூட்டாளிகள் இருக்கிறார்கள், காசு தீர்ந்ததும் ஒருவரும் இல்லை. கடைசியில் போலீஸ் அவனைக் கொண்டுபோகும் சிறைச்சாலைக்குள்ளும் அவன் பின்வாசல் வழியாகத்தான் போகிறான். ஹேங்க் வில்லியம்ஸின் ஹாங்கி டாங்க் (மதுக்கூட) பாட்டொன்றை முன்மாதிரியாக வைத்துக்கொண்டதை மெனார்ட் ஒருபோதும் மறைத்ததில்லை, ஆனால் அந்த அமெரிக்கச் சோகத்தில் இந்தச் சிரிப்பு கிடையாது. மெனார்ட் குடிகாரனைக் கண்டிக்கவும் இல்லை, அவனுக்காகக் கண்ணீர் விடவும் இல்லை. அவனோடு சேர்ந்து படியேறுகிறார்.

சிறைச்சாலை அடி வந்தபோது அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வெளியே வராமலிருக்கத் துண்டை வாயில் அழுத்திக்கொண்டார், தோள்கள் மட்டும் குலுங்கின. அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்து, ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார்.

ஏப்ரல் 20

சனிக்கிழமைக் காலை யூனிஸுக்குப் போனேன். அண்ணன் வரத் துடித்தார். அங்கே போனால் பேசாமலிருக்க அவரால் முடியாது என்பதால் அண்ணி விடவில்லை. மார்க் சவ்வா 1960-களிலிருந்து அக்கார்டியன் செய்துவரும் கடையில் சனிக்கிழமை தோறும் நடக்கும் கூட்டு வாசிப்புக்கு, ஆளுக்கொரு பூடான் (அரிசியும் இறைச்சியும் அடைத்த சாஸேஜ்) பொட்டலத்தோடு வந்து சேர்கிறார்கள். மானாக், ஸ்டெர்லிங் முதலிய ஜெர்மன் பெட்டிகளின் வரத்து உலகப் போரோடு நின்றுபோன பிறகு, உள்ளூர்க்காரர்களே பெட்டி செய்யக் கற்றுக்கொண்டிராவிட்டால் இந்தச் சத்தமே மிஞ்சியிருக்காது.

கூட்டத்தில் பிடில் வாசித்த முதியவரின் அருகில் இடம் கிடைத்தது. சி பெட்டியோடு சேர்வதற்காக அவர் நான்கு கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கிக் கட்டியிருந்தார், கம்பிகள் தளர்ந்ததால் ஒலியும் கொஞ்சம் கறுத்துப்போயிருந்தது. வைக்கோல் வாரும் கருவியின் இரும்புப் பல்லை வளைத்துச் செய்த முக்கோணத்தைத் தட்டிய பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சுவரோரம் கிட்டார்க்காரர்கள் பலர். ஒருவர் கையும் நிற்கவில்லை, ஒருவரும் முன்னால் வர முயலவும் இல்லை. பாடிய ஒருவருக்கு உச்சியில் குரல் உடைந்தது, ஆனால் அவர் அதைப் பொருட்படுத்தாமல் உடைந்த குரலிலேயே அடியை முடித்தார். எனக்கு அடுத்த பாட்டு காதில் விழவில்லை.

ஏப்ரல் 22

குரலைத் தடை செய்வதைப் பற்றியே எண்ணம் சுற்றி வருகிறது. 1921-ஆம் ஆண்டின் லூசியானா அரசமைப்பு, பள்ளிகளில் பாடம் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்க வேண்டும் என்று விதித்தது. வீட்டில் பிரெஞ்சு மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் அதைப் பேசியதற்காக அடி வாங்கினார்கள், இனிப் பேச மாட்டேன் என்று பலகை நிறைய எழுதினார்கள். அந்தத் தலைமுறையில் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழியைக் கொடுக்கவேயில்லை. அந்த மொழியைக் காக்க மாநில அரசு ஓர் அமைப்பை ஏற்படுத்தியது 1968-இல்தான். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கேஜன் பிடில்காரர் டூயி பால்ஃபாவும் மற்றவர்களும் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் கைதட்டல் வாங்கித் திரும்பியிருந்தார்கள். நடுவில் மொழி எங்கே இருந்தது என்று கேட்டால், பெரிதும் அடுக்களையிலும் நடன அரங்கிலும் என்றுதான் சொல்ல வேண்டும். எராத்துக்காரர் ஒருவர் அதில் குடிகாரப் பாட்டு எழுதி, அதை இளைஞர்கள் காசு கொடுத்து வாங்கியது, 1962-இல் சிறிய செய்தி அல்ல.

இதையெல்லாம் அண்ணனிடம் ஆவேசமாகச் சொல்லி, உங்களையும் இப்போது பேசக் கூடாது என்கிறார்கள் பாருங்கள் என்று முடித்தேன். அவர் நெடுநேரம் எழுதினார். "எனக்கு வைத்தியம். அவர்களுக்குத் தண்டனை. இரண்டையும் சேர்க்காதே. மாத்திரை எடு."

ஏப்ரல் 25

முன்னறையில் இருக்கும் ஆடும் நாற்காலி மெனார்டின் பட்டறையில் செய்தது. அண்ணன் எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் எராத்துக்குப் போய் வாங்கிவந்தார். ஆஷ் மரம். கைப்பிடிகளின் நுனி அண்ணனின் உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழப்பாகி நிறமும் ஏறியிருக்கிறது. இடது பக்கக் காலில் மட்டும் கடைசல் உளி விட்ட மெல்லிய வளையம் ஒன்று விரலுக்குத் தட்டுப்படுகிறது. வலது காலில் அது இல்லை.

பாட்டு அவரை முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கொண்டுபோனது, ஆனாலும் நாற்காலி செய்வதை அவர் விடவில்லை. 1994-இல் பட்டறை எரிந்து போனது. அதே ஆண்டு தேசியக் கலை நிதியத்தின் பாரம்பரியக் கலைஞர் விருதும் வந்தது. மறுபடியும் பட்டறையைக் கட்டிக்கொண்டார். விருது பெற்ற பிறகும் மரத்தூளில் நின்ற மனிதர் என்று இதைப் பெரிதாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் சனிக்கிழமை நடனக் கூலியை மட்டும் நம்பி யார் இருப்பார்கள்? அவருடைய தலைமுறைக் கேஜன் வித்வான்களில் பெரும்பாலோருக்கு வார நாட்களில் வேறு தொழில் இருந்தது.

ஏப்ரல் 26

அழைப்பு வந்தது. முப்பதாம் தேதி காலையில் குழாய்க் கருவியைத் தொண்டைக்குள் செலுத்திப் பார்ப்பார்களாம். அதற்குப் பிறகே பேசலாமா என்று சொல்வார்கள்.

ஏப்ரல் 27

1928-இல் இதே நாளில் நியூ ஆர்லியன்ஸில் ஜோ ஃபால்கனும் க்லியோமா ப்ரோவும் கொலம்பியா நிறுவனத்துக்காக வாசித்த 'அலோன் ஸா லஃபயெட்'தான் வெளிவந்த முதல் கேஜன் இசைத்தட்டு. வெறும் அக்கார்டியனும் கிட்டாரும், ஆட்கள் இரண்டே பேர். கிட்டார் க்லியோமாவினுடையது. பெண்கள் நடன அரங்கில் மேடையேறாத காலத்தில் அவர் ஏறினார். பின்னால் தாமே பாடிய தட்டுகளும் வந்தன. 1941-இல், முப்பத்தைந்து நிறைவதற்கு முன்பே இறந்துபோனார். மெனார்டுக்கு அப்போது எட்டு வயது.

அந்தத் தட்டைப் போட்டுக் கூடவே வாசித்துப் பார்த்தேன். பதிவின் கீறலுக்குள்ளே அந்த அம்மாளின் தட்டும் வீச்சும் அசையாமல் இருக்கின்றன. என் கை முன்போல வேகம் கூடி ஓடவில்லை. அண்ணன் பலகையைத் தொடவேயில்லை; கால் மட்டும் தாளம் போட்டது.

ஏப்ரல் 29

அண்ணன் தூங்கவில்லை. நள்ளிரவு தாண்டி விளக்கைப் போட்டு, நாளை அனுமதி கிடைத்தால் முதலில் என்ன பேசுவது என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். அதில் பின்வாசல் பாட்டின் முதல் அடி இருந்தது, அண்ணி அதை அடித்துவிட்டார். பாடுவதற்கு அவர்கள் எப்படியும் சம்மதிக்க மாட்டார்கள். என்றாலும் எந்தச் சுருதியில் எடுத்தால் தொண்டைக்குச் சிரமம் குறையும் என்று நானும் அவரும் பலகையில் வாதாடினோம்; அவர் ஜி என்கிறார், நான் இன்னும் இறக்கி இ என்கிறேன், அப்படியானால் பெட்டிக்காரர் என்ன செய்வார் என்று அவர் கேட்கிறார். காலை எட்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். வண்டியில் பெட்ரோல் போட்டாயிற்று.