கேமன் தீவில் ஐந்து நாள்

விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: எத்தனை நாள்? ஐந்து என்றேன். முத்திரை விழுந்தது.

டொராண்டோவிலிருந்து கரீபியன் கடலிலுள்ள கிராண்ட் கேமன் தீவுக்குப் போயிருந்தேன். கல்லூரி நண்பன் அங்கே ஆடிட்டர். அவன் மனைவி தீவின் கிழக்குக் கோடியில், நம்மூர் இதய மருத்துவர் தேவி ஷெட்டி 2014-ல் தொடங்கிய ஹெல்த் சிட்டி மருத்துவமனையில் நர்ஸ். பெண்ணுக்கு ஏழு வயது, அங்கேயே பிறந்தவள்.

சுற்றிப் பார்த்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். செவன் மைல் பீச் ஏழு மைல் இல்லை, கொஞ்சம் குறைவு. ஆனால் மணல் மாவு மாதிரி. ஸ்டிங்ரே சிட்டியில் நடுக்கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறோம், திருக்கை மீன்கள் வந்து காலை உரசுகின்றன. முன்பு மீனவர்கள் அங்கே மீன் கழுவிக் கழிவைப் போட்டுப் பழக்கினார்களாம். "குழம்பு வெச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "ஜெயில்ல போடுவான், சட்டப் பாதுகாப்பு இருக்கு" என்றான் நண்பன்.

முதல் நாளே கடையில் ஏமாந்தேன். விலை 10 என்று போட்டிருக்க, 10 அமெரிக்க டாலரை நீட்டினேன். போதாது. அது கேமன் டாலர். நம் கையிலிருக்கும் ஒரு அமெரிக்க டாலருக்குக் கடைக்காரர்கள் 80 கேமன் காசுதான் தருகிறார்கள்.

வருமான வரி இல்லாத ஊர். "அப்போ சேமிப்பு கொட்டுமே?" என்றால் நண்பன் சிரிக்கிறான். பெரும்பாலான இறக்குமதிச் சரக்குக்கு 22 சதவீதம் தீர்வை, விளைவது கொஞ்சம், வருவதெல்லாம் கப்பலில். "தயிர் வாங்கும்போது கட்டிடறேன் மச்சான்." தலைநகர் ஜார்ஜ் டவுனில் அக்லண்ட் ஹவுஸ் என்ற ஐந்து மாடிக் கட்டடத்தைக் காட்டினான். 2008-ல் அமெரிக்கத் தணிக்கைத் துறை எண்ணியபோது அந்த ஒரு முகவரியில் 18,857 நிறுவனங்கள் பதிவாகியிருந்தனவாம். நான் பார்த்தபோது வாசலில் ஈ காக்காய் இல்லை.

கம்பெனிகளுக்கு முகவரி சுலபம், மனிதர்களுக்குத்தான் கஷ்டம். தீவில் பாதிக்கும் மேல் வெளியூர்க்காரர்கள்: ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், பிரிட்டன், கனடா, இந்தியா. எல்லோர் பேச்சிலும் வேலை பெர்மிட் வருகிறது. அது முதலாளியோடு கட்டிய கயிறு, வேலை போனால் அதுவும் போச்சு. ஒன்பது ஆண்டு முடிந்தால் ஒரு வருடமாவது வெளியே போயாக வேண்டும். அதற்கு 'ரோல் ஓவர்' என்று பெயர். முன்பு ஏழு ஆண்டாக இருந்ததை 2013-ல்தான் ஒன்பதாக்கினார்கள். எட்டாண்டு இருந்தவர்கள் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் மதிப்பெண் வேண்டும்.

நண்பன் எட்டாவது ஆண்டில் இருக்கிறான். வீட்டில் டீவி வந்த அட்டைப்பெட்டி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி எல்லாம் அலமாரி மேல் அப்படியே. "புயலுக்காக வெச்சிருக்கோம் அண்ணா" என்றார் அவன் மனைவி. 2004-ல் ஐவன் புயல் தீவையே புரட்டிப் போட்டது உண்மைதான். ஆனால் அட்டைப்பெட்டி எந்தப் புயலைத் தாங்கும்?

மதிப்பெண்ணில் ஒரு பகுதி தீவின் வரலாற்றுத் தேர்வு. நாற்பது வயதில் அவன் நோட்டுப் போட்டுப் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, சூப்பர்மார்க்கெட்டெல்லாம் மூடல், காபிக்குப் பால் இல்லை. கடுங்காபியோடு மூவரும் உட்கார, மகள் நோட்டைப் பிடுங்கிக் கேள்வி கேட்டாள்.

கொலம்பஸ் கேமன் தீவுகளை எப்போது பார்த்தார்? 1503. என்ன பெயர் வைத்தார்? ஆமைகள் நிறைய இருந்ததால் லாஸ் டோர்டுகாஸ். கிழக்குக் கோடியில் பத்துக் கப்பல்கள் பாறையில் மோதிய வருடம்?

"1784" என்றான்.

"94, அப்பா. எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்."

அங்கே பிறந்ததால் மட்டும் அவள் கேமன்காரி ஆகிவிட முடியாது. அது அவளுக்கு இன்னும் தெரியாது. நோட்டில் சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.