60 லிட்டர் ரீஃப் தொட்டிக்குக் கட்டுப்படியாகும் செலவில் எல்இடி விளக்கு

ரீஃப் தொட்டி என்பது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. விளக்கைப் பார்க்கும் முன் அதில் எது வளரப்போகிறது என்று முடிவு செய்துவிட வேண்டும். இந்தியாவில் கல்பவளங்கள் அனைத்தும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டில் வைத்திருக்கவே கூடாது. மிஞ்சுவது மஷ்ரூம், சோவாந்தஸ், லெதர், ஸீனியா போன்ற மென்மையான பவள வகைகள். இவற்றுக்கு 50 முதல் 120 பார் (பவளம் பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவு) போதும். வெளிநாட்டு வீடியோக்களில் அடிபடும் 250, 300 எல்லாம் அக்ரோபோரா என்ற கல்பவளத்துக்கான கணக்கு. அதை நம்பிப் பெரிய விளக்கை வாங்கிவிட்டு 20 சதவீதத்தில் ஓட்டுவது வீண் செலவு.

தொட்டி 60×30×36 செ.மீ. செடி வளர்க்கும் நன்னீர் மீன் தொட்டிக்கான 6500 கெல்வின் விளக்கில் மென்பவளம் பிழைத்துக்கொள்ளும், ஆனால் நிறம் எடுபடாது, எல்லாம் மஞ்சளடிக்கும். ‘165 வாட்’ என்று விற்கும் ‘பிளாக் பாக்ஸ்’ ரெடிமேட் விளக்கு உண்மையில் இழுப்பது சுமார் 110–120 வாட். அதுவே இந்த அளவுக்கு மிக அதிகம், ஃபேன் சத்தம் வேறு. சால்டரிங் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு 3 வாட் எல்இடிகளை வாங்கிக் கட்டுவதுதான் லாபம்.

நீல வரிசை: ராயல் புளூ (450 நா.மீ.) 8, புளூ (470) 2, வயலெட் (420) 2, மொத்தம் 12. வெள்ளை வரிசை: கூல் ஒயிட் 6. ஒவ்வொன்றும் சுமார் 3.3 வோல்ட் எடுப்பதால், தொடர் இணைப்பில் நீலத்துக்கு 40 வோல்ட், வெள்ளைக்கு 20. முதலாவதற்கு 600 மில்லிஆம்பியர், 24–42 வோல்ட் டிரைவர் (எல்இடிக்கு நிலையான மின்னோட்டம் தரும் கருவி). இரண்டாவதற்கு அதே மின்னோட்டத்தில், 20 வோல்ட் தன் வரம்புக்குள் வரும் டிரைவர். இரண்டும் சேர்ந்து சுமார் 36 வாட். டிரைவர் ‘ஐசொலேட்டட்’ (மெயின் கரண்டோடு நேரடித் தொடர்பில்லாத) வகையாக இருப்பது கட்டாயம். மற்றதில் ஹீட்சிங்க் (எல்இடியின் சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடு) வரை மெயின் கரண்ட் வர வாய்ப்புண்டு, கீழே உப்புத் தண்ணீர். தொட்டியின் பிளக்குகளுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும்.

சால்டரிங்கில்தான் பலருக்குச் சிக்கல். எல்இடி நட்சத்திரத் தகட்டை ஹீட்சிங்கில் பொருத்திய பிறகு சூடு வைத்தால் அலுமினியம் வெப்பத்தை உறிஞ்சிவிடும்; ஈயம் உருண்டையாக நிற்கும், பிடிக்காது. முனைகளுக்கு முதலில் ஈயம் பூசிவிட்டு, தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, எம்3 திருகில் நைலான் வாஷர் போட்டு முடுக்குங்கள். திருகுத் தலை முனையைத் தொட்டால் ஷார்ட். ஒவ்வொரு முனைக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மல்டிமீட்டர் பீப் அடிக்கிறதா பாருங்கள், அடிக்கவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரில் எல்இடியை இணைக்காதீர்கள். சுமையில்லாத டிரைவர் உச்ச வோல்ட்டில் நிற்கும். ஒயர் தொட்ட கணத்தில் வரிசையே போய்விடலாம்.

நிறங்களை நெருக்கமாகக் கலந்து வையுங்கள். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெள்ளை என்றால் பாறை நிழலில் வண்ணக் கோடுகள் விழும். 36 செ.மீ. உயரத்துக்கு லென்ஸ் வேண்டாம், நடுவில் மட்டும் கொட்டும். அடியில் 3 மி.மீ. அக்ரிலிக் தகடு கண்டிப்பாக. இல்லையென்றால் உப்புத் துளி பட்டு செம்பு முனைகள் பச்சை பிடிக்கும்.

மலிவான டிரைவரில் மங்கச் செய்யும் வசதி இருக்காது. கட்டுப்பாடு உயரத்திலும் இரண்டு டைமர்களிலும்தான். நீர்மட்டத்திலிருந்து 30 செ.மீ. மேலே, நீலம் 6 மணி நேரம், வெள்ளை 2 மணி நேரம் என்று தொடங்கி, வாரம் 2–3 செ.மீ. இறக்கலாம். 20 செ.மீ., நீலம் 9, வெள்ளை 5 என்ற நிலையில் நிறுத்துங்கள். போன் லக்ஸ் ஆப் நீல ஒளியைக் குறைத்தே காட்டும், ஏனென்றால் லக்ஸ் மனிதக் கண்ணின் பச்சை உணர்வை வைத்தது. ஆகவே பவளத்தையே பாருங்கள். சோவாந்தஸ் தண்டு நீண்டு மேலே எட்டினால் ஒளி போதவில்லை. மஷ்ரூம் ஓரம் சுருண்டு வெளிறினால் அதிகம். விளக்கை ஏற்றுவதைவிட மஷ்ரூமை நிழல் பக்கம் நகர்த்துவது சுலபம். லெதர் சில நாள் மூடிக்கொண்டு மெழுகுபோல் பளபளத்தால் அது தோல் உரிக்கிறது, விளக்கைத் தொடாதீர்கள். புதுத் தொட்டியில் மணல்மேல் படியும் பழுப்புப் படலம் பெரும்பாலும் டயட்டம் என்ற நுண்பாசிதான். ஒளி நேரத்தைக் குறைத்து அதை விரட்டப் பார்த்தால் பவளம்தான் வாடும்.