ஆயிரம் ரூபாய் தவணை 1.15 லட்சம் வீட்டுக்கடனைத் தின்கிறது

கடனையெல்லாம் அடைத்துவிட்டு வீட்டைப் பற்றி யோசி என்று பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டுக்கடன் தரும் வங்கியோ மொத்தக் கடன் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே, மாதம் எவ்வளவு தவணை போகிறது என்று பார்க்கிறது. இது புரிந்த பிறகுதான் எதை முதலில் முடிப்பது, எதை அப்படியே ஓடவிடுவது என்ற வரிசையே எனக்கு மாறியது. அந்த வரிசையையும் அதற்குப் பின்னால் உள்ள கணக்கையும் இங்கே எழுதுகிறேன். எண்கள் ஒரு மாதிரிக் கணக்குக்கானவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

வயது 25, கைக்கு வரும் சம்பளம் 45,000. கிரெடிட் கார்டு பாக்கி 80,000. தனிநபர் கடனில் 1,20,000 பாக்கி, வட்டி 16 சதவீதம், இன்னும் 24 தவணை, மாதம் 5,876. பைக் கடனில் 28,000 பாக்கி, 8 தவணை, மாதம் 3,659. கல்விக்கடனில் 3,20,000 பாக்கி, 10.5 சதவீதம், இன்னும் 7 ஆண்டு, மாதம் 5,395.

இப்போதே வீட்டுக்கடன் கேட்டால் என்ன ஆகும்? இந்தச் சம்பளத்துக்கு எல்லாத் தவணைகளும் சேர்ந்து பாதிக்குள், அதாவது 22,500-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக வங்கிகள் போடும் கணக்கு. மூன்று தவணைகள் சேர்ந்து 14,930. கார்டு பாக்கியில் 5 சதவீதத்தையும் மாதப் பொறுப்பாகப் பல வங்கிகள் சேர்க்கும், அது 4,000. மிச்சம் 3,570 ரூபாய்தான். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு ஒரு லட்சத்தின் தவணை 868 ரூபாய். ஆகவே கிடைக்கக்கூடிய கடன் ஏறத்தாழ 4.1 லட்சம். அதே ஆளுக்கு எந்தத் தவணையும் இல்லாவிட்டால் 25.9 லட்சம். நீங்கள் கட்டும் ஒவ்வொரு ஆயிரம் ரூபாய் தவணையும் 1.15 லட்சம் வீட்டுக்கடனைக் குறைக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். தவணையில் புது போன் வாங்கத் தோன்றும்போது அது உதவும்.

அடுத்த கணக்கு இதைவிட முக்கியம். தனிநபர் கடனை முடிக்க 1.2 லட்சம் செலவழித்தால் 6.8 லட்சத்துக்கான தகுதி திரும்பக் கிடைக்கிறது. பைக் கடனில் 28,000 போட்டால் 4.2 லட்சம். கல்விக்கடனில் 3.2 லட்சத்தைக் கொட்டினாலும் கிடைப்பது 6.2 லட்சம்தான். தொகை பெரிதாகத் தெரிகிறதே என்று கல்விக்கடனை முதலில் அடைக்கப் போவதுதான் இருபதுகளில் நடக்கும் பெரிய தவறு என்பது என் முடிவு. வட்டி குறைவு, காலம் நீளம், தொகையோடு ஒப்பிட்டால் தவணை சிறியது. அது ஓடட்டும். அந்த 3.2 லட்சம் கையில் இருந்தால், வீட்டுக்காகக் கையிலிருந்து போட வேண்டிய பணத்தில் பாதியை நெருங்கும். கல்விக்கடன் வட்டிக்கு வரிவிலக்கு இருக்கிறதே என்பார்கள். அது பழைய வரி முறையில் மட்டும்தான். இந்தச் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது என்பதால் அந்தக் காரணத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதலில் போக வேண்டியது கார்டு. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 80,000-க்கு 2,800. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 504. குறைந்தபட்சத் தொகை என்று 4,000 கட்டினால் அசலில் கழிவது 696 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டில் தேய்ப்பதை முழுதாக நிறுத்தாமல் பாக்கியைக் குறைக்கவே முடியாததற்கு இதுதான் காரணம். உணவு டெலிவரி, ஓடிடி, கேப் செயலிகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணை அன்றே நீக்கிவிடுங்கள்.

வீட்டு வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது போக மாதம் 10,000 ஒதுக்க முடிந்தால் கார்டு பாக்கி 10 மாதத்தில் தீரும். வட்டியாகவும் ஜிஎஸ்டியாகவும் சுமார் 19,000 போகும். வீட்டில் நகை இருந்து, உடையவர் மனதாரச் சம்மதித்தால், வங்கியில் 9 சதவீத நகைக்கடன் வாங்கிக் கார்டை ஒரே நாளில் முடித்துவிட்டு, அதே 10,000-ஐ நகைக்கடனில் கட்டலாம். எட்டு, ஒன்பது மாதத்தில் நகை திரும்பிவிடும். வட்டி 3,000-ஐத் தாண்டாது. இதில் தப்பு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, காலியான கார்டைத் திரும்பத் தேய்ப்பது. இன்னொன்று, வருட முடிவில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைப்பது. அப்படிப் பழகினால் அந்த நகை வீடு திரும்ப வருஷக்கணக்காகும். தங்கநகைக் கடனில் இடையிடையே அசலில் கட்ட முடியுமா என்று வாங்கும்போதே கேட்டு எழுத்தில் பாருங்கள். நகை இல்லையென்றால் பாக்கியை மாதத் தவணையாக மாற்றித்தரச் சொல்லலாம். வட்டி கணிசமாகக் குறையும், ஆனால் பரிசீலனைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

கார்டு பாக்கியை முழுதாகக் கட்டிய அடுத்த மாதமும் ஒரு சின்னத் தொகை வரும். முந்தைய அறிக்கைத் தேதியிலிருந்து நீங்கள் கட்டிய நாள்வரை ஓடிய வட்டி அது. முடிந்துவிட்டது என்று அறிக்கையைத் திறக்காமல் விட்டவர்களுக்கு நூறு, இருநூறு ரூபாய்க்காகத் தாமதக் கட்டணமும் சிபில் (கடன் வரலாற்றைப் பதிந்து மதிப்பெண் போடும் நிறுவனம்) அறிக்கையில் பாக்கிக் குறியும் விழுந்திருக்கின்றன. இரண்டு மாதம் தொடர்ந்து பூஜ்யம் வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். எல்லாக் கார்டுகளையும் ரத்து செய்ய வேண்டாம். ஆண்டுக் கட்டணம் இல்லாத பழைய கார்டு ஒன்றை வைத்து, வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து, முழுத்தொகையையும் கட்டிவந்தால் மதிப்பெண் ஏறும். மற்றவற்றை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு மூடுங்கள். பாக்கி இல்லாத கார்டை வங்கி 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

கட்ட முடியாமல் சில மாதம் தவறியவர்களுக்கு, பாதித் தொகை கட்டினால் போதும், முடித்துக்கொள்ளலாம் என்று வசூல் முகவரிடமிருந்து அழைப்பு வரும். அப்படி முடித்த கணக்கு அறிக்கையில் 'செட்டில்டு' என்று பல ஆண்டுகள் நிற்கும். வீட்டுக்கடன் மேசையில் அந்த ஒரு சொல் போதும், கோப்பை மூடிவிடுவார்கள். இரண்டு ஆண்டு கூடுதலாக ஆனாலும் முழுத்தொகையையும் கட்டி 'குளோஸ்டு' என்று வாங்குவதே மேல்.

பைக் கடன் இதற்கிடையில் எட்டாவது மாதம் தானாகவே முடியும். முடிந்ததும் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்சி புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயரை ஆர்டிஓ வழியாக நீக்கிவிடுங்கள். அந்தச் சான்றுக்குக் காலக்கெடு உண்டு; தவறினால் மறுபடி அலைய வேண்டும்.

நகைக்கடன் வழியில் போயிருந்தால் ஒன்பதாவது மாதத்திலிருந்து கையில் ஏறத்தாழ 13,659 மிஞ்சும். இதை வைத்துத் தனிநபர் கடனை முன்கூட்டியே முடிக்கத் தோன்றும். ஐந்து மாதம் சேர்த்து, 11 தவணை பாக்கி இருக்கையில் முடித்தால் அசல் ஏறத்தாழ 59,750. மிச்ச வட்டி 4,900. முன்முடிப்புக் கட்டணம் 4 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்ந்து 2,820. மிச்சமாவது இரண்டாயிரம் ரூபாய். கடைசி ஒரு வருடத்தில் வட்டிக்காக மட்டும் முன்முடிப்பது பிரயோஜனமில்லை. வீட்டுக்கடன் விண்ணப்பம் அருகில் இருந்தால் மட்டும் முடியுங்கள். அப்போது அந்த 5,876 ரூபாய் 6.8 லட்சமாக மாறுகிறது. இல்லாவிட்டால் ஓடவிட்டு, பணத்தைத் தொடர் வைப்பில் (ஆர்டி) போடுங்கள். இரண்டு, மூன்று ஆண்டில் தேவைப்படும் பணத்தைப் பங்குச்சந்தையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்படி ஒன்பதாவது மாதத்திலிருந்து 16 மாதத்தில் 2.1 லட்சத்துக்கு மேல் சேரும். 25-ஆவது மாதத்திலிருந்து தனிநபர் கடனும் தீர்ந்து மாதம் 19,535. சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்று வைத்தாலும் நான்காண்டு முடிவில் கையில் 7 லட்சம் நெருங்கும். கல்விக்கடன் தவணை மட்டும் இருப்பதால் கடன் தகுதி 19.7 லட்சம். சம்பள உயர்வும், கல்யாணம் ஆகியிருந்தால் இணை விண்ணப்பதாரராகத் துணைவரின் வருமானமும் இதைக் கூட்டும்.

அந்த 7 லட்சம் எதற்கு என்று பார்ப்போம். 24 லட்சத்துக்கு ஒரு மறுவிற்பனை ஃபிளாட். 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் அது உச்சவரம்பு. உங்கள் சம்பளத் தகுதி 19.7 லட்சத்தில் நின்றுவிடும். மிச்சம் 4.3 லட்சம் உங்களுடையது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் (2023 ஏப்ரலுக்கு முன் 4 ஆக இருந்தது), ஆக 2.16 லட்சம். இந்தச் செலவை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது என்பதைப் பலர் கடைசி வாரத்தில்தான் அறிகிறார்கள். அதோடு அடமானப் பத்திரப் பதிவு, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டாளர், தரகர் என்று 60,000 ஒதுக்குங்கள். ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு மாதச் செலவுக்கான பணத்தை இதில் சேர்க்காமல் தனியே வையுங்கள்.

ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இல்லையென்றால், நகர்ப்புற பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0-இன் வட்டி மானியத்துக்குத் தகுதி உண்டா என்று வங்கியில் கேளுங்கள். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். மானியம் அதிகபட்சம் 1.8 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளாக வரும்.

விண்ணப்பிக்க ஆறு மாதம் முன்பே சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் அறிக்கையை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். முடிந்த கடன் இன்னும் ஓடுவதாகக் காட்டும். செயலிகளில் 'பிறகு கட்டு' என்று வாங்கிய 2,000 ரூபாய்கூடத் தனிநபர் கடனாக நிற்கும். நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து உங்கள் கடன்போலவே அங்கே இருக்கும்; அவர் தவறினால் உங்கள் கோப்பு நிற்கும். தப்பு இருந்தால் புகார் பதியுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். மீறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

தவணை திரும்பிப்போவதும் பெரும்பாலும் பணமில்லாமல் அல்ல, தேதியால்தான். சம்பளம் 5-ஆம் தேதி, தவணை 3-ஆம் தேதி. 2021 ஆகஸ்ட் முதல் ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் தானியங்கிப் பற்று நடக்கிறது. திங்கள் போடலாம் என்ற நினைப்பு பலிக்காது. தவணைத் தேதியை 7-க்குப் பின் மாற்றித்தரக் கேளுங்கள். முடியாதென்றால் ஒரு மாதத் தவணைத் தொகையைத் தொடாமல் அந்தக் கணக்கிலேயே போட்டு வையுங்கள்.

ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொன்றும் கடன் அறிக்கையில் விசாரணையாகப் பதியும். ஒன்றிரண்டில் போதும். ஒப்புதல் வந்தபிறகும் பணம் கைமாறும்வரை புதிய தவணை எதிலும் இறங்கக் கூடாது. பணம் விடுவிக்கும் முன் மறுபடி அறிக்கை எடுத்துப் பார்க்கும் வங்கிகள் உண்டு.

வீடு பிடித்ததும் அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படுத்துவார்கள். அதற்கு முன் பதிவுத்துறை இணையதளத்தில் 30 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தாய்ப் பத்திரம், பட்டா, சிஎம்டிஏ அல்லது டிடிசிபி (கட்டட அனுமதி தரும் அரசு அமைப்புகள்) அனுமதி வரைபடம், பிரிபடாத மனைப் பங்கின் (ஃபிளாட் நிற்கும் நிலத்தில் உங்களுக்கு வரும் பங்கு) அளவு ஆகியவற்றின் நகல்களை வங்கியின் வக்கீலிடம் காட்டுங்கள். விற்பவர் பத்திரத்தில் குறைத்துக் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கேட்டால், வங்கி பத்திர மதிப்பை வைத்தே கடன் தரும். அந்த ரொக்கம் முழுக்க உங்கள் சேமிப்பிலிருந்து போகும். விற்பனை ஒப்பந்தத்தில், வங்கிக்கடன் மறுக்கப்பட்டாலோ ஆவணத்தில் குறை தெரிந்தாலோ முன்பணத்தை இத்தனை நாளுக்குள் முழுதாகத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். கிரயம் முடிப்பதற்கான காலக்கெடுவை 45 நாளுக்குப் பதில் 90 நாள் என்று கேளுங்கள். வக்கீல் கருத்துரை, மதிப்பீடு, ஒப்புதல் மூன்றும் முடிய நேரம் வேண்டும். முன்பணம் வங்கிப் பரிமாற்றமாகவே போகட்டும். சொந்தப் பங்கு கட்டியதற்கான ஆதாரத்தை வங்கி கேட்கும்போது அந்த ரசீதைத்தான் காட்டப் போகிறீர்கள்.