பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன்

சூப்பர்மேன் முதன்முதலாகத் தலைகாட்டியது 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில். அன்று விலை பத்து சென்ட். 2024-ல் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பழைய காமிக்ஸ் சேகரிப்பதுதான் என் பழக்கம், ஆனால் அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுப்பதில்லை.

ஆனாலும் ஆரம்பத்தில் ஒருமுறை இந்த முதல் இதழ் விஷயத்திலேயே ஏமாந்தேன். விற்றவர் ‘அசல்’ என்று சொல்லவில்லை. ‘மறுபதிப்பு’ என்றும் சொல்லவில்லை. பார்சலைப் பிரித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால் உயரம் பதின்மூன்றரை அங்குலம். அசல் பத்தரைக்குள் அடங்கிவிடும். 1974-ல் இதைப் பெரிய அளவில் மறுபடி அச்சிட்டு, மேலே தடித்த அட்டை ஒன்று போட்டு ஒரு டாலருக்கு விற்றார்கள். அந்த வெளி அட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே அதே பழைய பத்து சென்ட் அட்டைதான். பழைய தந்திரம், எனக்குத்தான் புதிது.

அதற்கப்புறம் விலையை விட்டுவிட்டு, படைத்தவர்கள் பெயரைத் தேட ஆரம்பித்தேன். எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷஸ்டர். இருவரும் கிளீவ்லாந்து பையன்கள். 130 டாலருக்கு மொத்த உரிமையையும் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகையும் சேர்த்து வந்த 412 டாலர் காசோலையில் இவர்கள் பெயரே தப்பும் தவறுமாக எழுதப்பட்டிருந்தது. காசாக மாற்றுவதற்காகத் தப்பான எழுத்தில் ஒரு கையெழுத்து, சரியான எழுத்தில் ஒரு கையெழுத்து போட வேண்டியதாயிற்று. அந்தக் காகிதம் 2012-ல் 1,60,000 டாலருக்கு விலைபோனது.

இப்போது பெட்டியில் இருப்பதைச் சொல்கிறேன். 1946-ஆம் வருட சூப்பர்மேன் ஒன்று, அட்டை இல்லாதது. அட்டை போனால் விலையும் பாதாளத்துக்குப் போய்விடும், என்னைப் போன்றவர்களுக்கு வரப்பிரசாதம். ஓரமெல்லாம் டீ டிகாக்‌ஷன் நிறம், தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. மலிவான நியூஸ்பிரிண்ட், அதிலுள்ள அமிலமே அதைத் தின்கிறது. ஆனால் முதல் கதையின் தலைப்புக்குக் கீழே இரண்டு பெயரும் இருக்கின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்துக்குப் பக்கத்திலேயே பழைய வண்ண அச்சின் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக ஓடுகின்றன.

அடுத்தது 1950-களில் வந்தது. தாள் இதைவிடத் திடம். பெயர் மட்டும் இல்லை. 1947-ல் சீகலும் ஷஸ்டரும் உரிமை கேட்டு வழக்குப் போட்டதன் பலன் அது. இரண்டையும் மேஜையில் அருகருகே வைத்தேன். அதே நீல உடை, அதே சிவப்பு அங்கி. அந்த வெற்றிடம் முதல் தடவை என் கண்ணுக்குத் தெரியவே இல்லை, தேடித்தான் பார்த்தேன்.

1975 கடைசியில் ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் சீகல், ஷஸ்டருக்காகக் கூடப் போராடி, அவர்களுக்கு ஆளுக்கு வருடம் 20,000 டாலர் வாங்கித் தந்தார்கள். பெயரும் திரும்பி வந்தது. அந்தச் சமயத்து இதழ் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது.

பாதுகாப்பு என்று பார்த்தால் மைலார் என்ற பிளாஸ்டிக் உறை, அமிலமில்லாத அட்டை, ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல். சென்னைக் காற்றில் முதலில் துருப்பிடிப்பது ஸ்டேப்பிள் பின்தான்; மாதம் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அடுத்து பேட்மேன். அவனை உருவாக்கியதில் பெரும்பங்கு எழுத்தாளர் பில் ஃபிங்கருக்கு உண்டு. ஆனால் பல பத்தாண்டுகள் ஓவியர் பாப் கேன் பெயர் மட்டும்தான் போட்டார்கள். ஃபிங்கர் 1974-ல் இறந்துபோனார், படைத்தவர் வரிசையில் பெயர் ஏறியது 2015-ல். அந்த வருடக் கடைசி இதழ் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். பழைய புத்தகக்காரர் சிரிக்கிறார்: “இதெல்லாம் அரிய இதழா சார்?”